ஒரு பாடலுக்கு நயம் பாராட்டல் எழுதுவது எப்படி: முதல் வாசிப்பு முதல் இறுதித் திருத்தம் வரை

நயம் பாராட்டல் எழுதத் தொடங்கும் மாணவர்களில் பெரும்பாலோர் பாடலைப் படித்த உடனே எதுகையையும் மோனையையும் தேடி அடிக்கோடிடுகின்றனர். பாடல் என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது, ஏன் அந்தச் சொற்களால் சொல்கிறது என்னும் கேள்விகள் அதன் பிறகே வருகின்றன. பல வேளைகளில் வருவதே இல்லை. முடிவில் கிடைப்பது இலக்கணக் குறிப்புகளின் பட்டியலாக இருக்கிறது. பல ஆண்டுகளாக இத்தகைய கட்டுரைகளைத் திருத்தியதில் எனக்குத் தெளிவானது ஒன்று: மாணவர்களுக்கு இலக்கணம் தெரிந்தே இருக்கிறது, படிகளின் வரிசைதான் தவறிப்போகிறது. இந்த வழிகாட்டி அந்த வரிசையைப் பற்றியது.

ஒவ்வொரு படியையும் ஒரே பாடலைக் கொண்டு விளக்குகிறேன். குறுந்தொகையின் 40ஆம் பாடல் அது. ஐந்தே அடிகள் கொண்டது.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

தொடங்கும் முன் தேவையானவை

பாடலின் முழு வடிவம், ஒரு தமிழ் அகராதி, பென்சில், இரண்டு வெள்ளைத்தாள்கள் ஆகியவை போதும். அசை, சீர், அடி ஆகியவற்றைப் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, மோனை என்பது முதல் எழுத்து ஒன்றி வருவது என்னும் அளவிலாவது தொடை பற்றிய அறிவு இருக்க வேண்டும்.

உரை நூலை இப்போது திறக்க வேண்டாம். உரையை முதலில் படித்தவர் பாடலை உரையாசிரியரின் கண்ணால் மட்டுமே பார்க்கிறார். பிறகு அவரால் சொந்தமாக ஒன்றையும் கவனிக்க முடிவதில்லை. மூன்றாம் படி முடிந்த பின் உரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

1. பாடலை இரண்டு படிகளாக (பிரதிகளாக) எழுதிக்கொள்ளுங்கள்

முதல் தாளில் சந்தி பிரித்து, பொருள் விளங்கும்படி எழுதுங்கள். ‘யாராகியரோ’, ‘கலந்தனவே’ என்று சொற்கள் முழுமையாக நிற்க வேண்டும். இது பொருட்படி.

இரண்டாம் தாளில் சீர் பிரித்து எழுதுங்கள். அதில் ‘யாரா’ ஒரு சீர், ‘கியரோ’ அடுத்த சீர். ‘தாம்கலந்’ ஒரு சீர், ‘தனவே’ அடுத்த சீர். இது சீர்ப்படி.

இரண்டு படிகள் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. சொல்லின் எல்லையும் சீரின் எல்லையும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. ஓசையைப் பொருட்படியில் தேடினால் எதுகையும் மோனையும் தவறான இடத்தில் தென்படும். பொருளைச் சீர்ப்படியில் தேடினால் ‘கியரோ’ என்று ஒரு சொல் இருப்பதாக மயங்க நேரும்.

சந்தி பிரிப்பதில் கவனக்குறைவு எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்கு இப்பாடலிலேயே சான்று உண்டு. ‘போல’ என்பதும் ‘அன்புடை’ என்பதும் சந்தியில் சேர்ந்தால் ‘போலவன்புடை’ என்று ஆகும். இதைத் தவறாகப் பிரிப்பவர் ‘வன்புடை நெஞ்சம்’ என்று படிப்பார். அன்பு நிறைந்த நெஞ்சம் ஒரே எழுத்தில் வன்மை நிறைந்த நெஞ்சமாகிவிடும். ‘பெயனீர்’ என்று சேர்ந்து வருமிடத்தில் பெயல், நீர் என்று பிரிக்கத் தெரியாதவருக்கு உவமையே புலப்படாது.

2. வாய்விட்டு மூன்று முறை படியுங்கள்

மௌனமாகப் படிக்கும்போது கண் அடியின் இறுதிக்கு ஓடிவிடும். வாய்விட்டுப் படித்தால் எங்கே ஓசை ஒரே மாதிரி திரும்புகிறது, எங்கே தடைபடுகிறது என்பதைச் செவியே சொல்லும். முதல் மூன்று அடிகளில் ஓர் ஒழுங்கும், நான்காம் அடியில் ஒரு மாற்றமும் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்ட இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். பெயரிடுவது பிறகு.

3. அருஞ்சொற்களுக்குப் பொருள் கண்டு, உங்கள் சொற்களில் உரைநடையாக எழுதுங்கள்

யாய் என்பது என் தாய். ஞாய் என்பது உன் தாய். எந்தை என் தந்தை. நுந்தை உன் தந்தை. கேளிர் என்றால் உறவினர். பெயல் என்றால் மழை. அறிதும் என்பது ‘நாம் அறிவோம்’ என்னும் தன்மைப் பன்மை வினை.

இப்போது பாடலை உரைநடையாக்குங்கள்: என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர்? நானும் நீயும் எவ்வாறு ஒருவரை ஒருவர் அறிந்தோம்? செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல அன்புடைய நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன.

இந்த உரைநடை கட்டுரையில் இடம்பெறப் போவதில்லை. மிகப் பரவலான பிழை இதுதான்: பொழிப்புரையை இரண்டு பத்திகளுக்கு நீட்டி எழுதிவிட்டு அதையே நயம் என்று கருதுவது. படிப்பவருக்குப் பாடலின் பொருள் ஏற்கெனவே தெரியும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். பொழிப்புரை உங்கள் புரிதலைச் சோதிக்க மட்டுமே. அதில் எந்த அடியாவது தடுமாறினால் அந்த அடி உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று பொருள்.

4. யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று உறுதி செய்யுங்கள்

கவிஞரும் பாடலில் பேசுபவரும் ஒருவரே என்று எண்ணுவது தொடக்கநிலை வாசகரின் இயல்பான தவறு. இந்தப் பாடலைப் பாடிய புலவரின் இயற்பெயர் தெரியாததால், அவருடைய உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். ஆனால், பாடலில் பேசுபவன் தலைவன். கேட்பவள் தலைவி. கூடிய பின், தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்ச, அவளது முகக்குறிப்பை அறிந்து அவன் சொல்லும் சொற்கள் இவை என்று பாடலின் துறைக்குறிப்பு, அதாவது பாடலோடு தரப்படும் சூழல் குறிப்பு, கூறுகிறது.

கூற்றும் சூழலும் தெரிந்த பிறகு அதே ஐந்து அடிகள் வேறு எடை பெறுகின்றன. முன்பு அழகான வியப்பாகத் தோன்றிய பாடல் இப்போது ஓர் அச்சத்துக்குத் தரப்படும் மறுமொழியாகிறது. அந்த அச்சத்தை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த படிகளைச் செய்யுங்கள்.

திணையைக் குறிக்கும்போது ஓர் எச்சரிக்கை. இப்பாடல் குறிஞ்சித் திணையைச் சேர்ந்தது. ‘மலையும் மலை சார்ந்த இடமும் வருணிக்கப்படுவதால் இது குறிஞ்சி’ என்று எழுதிய கட்டுரைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாடலில் மலையே இல்லை. அருவியும் தினைப்புனமும் இல்லை. இங்கே திணையை முடிவு செய்வது உரிப்பொருள், அதாவது புணர்தலும் புணர்தல் நிமித்தமும். முதற்பொருளும் (நிலமும் பொழுதும்) கருப்பொருளும் (அந்நிலத்துக்குரிய உயிர்களும் பொருள்களும்) வெளிப்படையாக வராத பாடல்களில் உரிப்பொருளையே தேட வேண்டும்; இல்லாததை இருப்பதாக எழுதுவது கட்டுரையின் நம்பகத்தன்மையை முதல் பத்தியிலேயே குலைத்துவிடும்.

5. பாடல் திரும்பும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

நல்ல சிறுபாடல் ஒன்றில் பெரும்பாலும் ஏதோ ஓர் இடத்தில் ஒரு திருப்பம் இருக்கும்: கேள்வியிலிருந்து விடைக்கு, வெளியிலிருந்து உள்ளத்துக்கு, இறந்த காலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு. இரண்டாம் படியில் நீங்கள் வைத்த புள்ளிகள் இப்போது உதவும்.

சீர்ப்படியை எடுத்து முதல் மூன்று அடிகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒவ்வோர் அடியின் முதல் இரண்டு சீர்களிலும் ‘உம்’ கொண்டு இணைக்கப்பட்ட இருவர்: யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். மூன்றிலும் மூன்றாம் சீரில் ஒரு வினாச்சொல் தொடங்குகிறது: யார், எம்முறை, எவ்வழி. நான்காம் அடியில் அந்த ஒழுங்கு முழுவதும் நின்றுவிடுகிறது. உம்மை இல்லை, வினா இல்லை, நான்கு சீர்களுக்குப் பதில் மூன்றே சீர்கள். ஈற்றயலடி, அதாவது கடைசி அடிக்கு முந்திய அடி, முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். புலவர் அந்தக் குறுகிய அடியைத்தான் உவமைக்குக் கொடுத்திருக்கிறார். கேள்விகள் அடுக்கி வந்து, அடி குறுகி, அங்கே மழை பெய்கிறது.

இதைக் கண்டபோது உங்கள் கட்டுரையின் நடு எலும்பு கிடைத்துவிட்டது. பா வகையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்பவர் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்.

6. மையக்கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘இப்பாடல் காதலைப் பற்றியது’ என்பது மையக்கருத்து ஆகாது. அது பொருளின் பெயர். ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு அந்த வாக்கியம் பொருந்தும். உங்கள் வாக்கியம் இந்தப் பாடலுக்கு மட்டுமே பொருந்த வேண்டும்; யாராவது அதை மறுத்துப் பேசக் கூடியதாகவும் இருக்க வேண்டும். மறுக்கவே முடியாத வாக்கியத்தை நிறுவச் சான்று தேவைப்படாது, சான்று தேவைப்படாத இடத்தில் கட்டுரையும் தேவைப்படாது.

எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: ‘பிரியேன் என்னும் சொல்லை ஓரிடத்திலும் சொல்லாமலே, பிரிக்க இயலாத ஒன்று ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது என்று காட்டித் தலைவியின் அச்சத்தைத் தலைவன் போக்குகிறான்.’

இந்த வாக்கியத்தைத் தாளின் தலையில் எழுதி வையுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு குறிப்பும் இதற்கு வலுச்சேர்க்கிறதா என்று கேட்க வேண்டும்.

7. இப்போது நயங்களைத் தேடுங்கள்

இதுவரை பொறுத்திருந்ததன் பயன் இங்கே கிடைக்கும். எதைத் தேடுகிறோம் என்பது தெரிந்துவிட்டதால், கண்ணில் படும் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு படும்.

சொல் நயத்தை வினைமுற்றுகளிலிருந்து தொடங்குவது எனக்குப் பிடித்த முறை. பெயரடைகளும் வருணனைகளும் எளிதில் கண்ணைக் கவர்வதால் மாணவர்கள் வினைகளைக் கவனிப்பதில்லை. ‘யானும் நீயும்’ என்று இரண்டாக நின்ற இருவர், ‘அறிதும்’ என்னும் ஒற்றை வினையில் ‘நாம்’ ஆகிவிடுகின்றனர். அடுத்து, ‘கலந்தன’ இறந்தகால வினை. கலக்கும் என்றோ கலக்கட்டும் என்றோ அவன் சொல்லவில்லை. மேலும் அது பன்மை வினை. ‘நெஞ்சம்’ என்னும் சொல்லோ ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவில் நிற்கும் பால்பகா அஃறிணைப் பெயர். நெஞ்சங்கள் இரண்டு என்று வினை சொல்கிறது. பெயர் ஒன்றாகவே காட்டுகிறது. இலக்கணக் குறிப்பு நயமாக மாறும் இடம் இது. ‘தாம்’ என்னும் சொல்லையும் விடாதீர்கள்: எவரும் கலக்க வைக்கவில்லை, அவை தாமே கலந்தன.

ஓசை நயத்துக்குச் சீர்ப்படியைப் பயன்படுத்துங்கள். முதலடியில் யாயும், ஞாயும் என்று முதல் இரு சீர்களில் இணை எதுகை. யாயும், யாரா என்று முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் பொழிப்பு மோனை. இரண்டாம் அடியிலும் அதே அமைப்பு: எந்தையும், நுந்தையும் இணை எதுகை, எந்தையும், எம்முறை பொழிப்பு மோனை. மூன்றாம் அடியில் யானும், நீயும் என்பவற்றில் எதுகை இல்லை. பெற்றோரைக் குறிக்கும் சொற்கள் ஓசையால் ஒன்றுபட்டிருக்க, முன்பின் அறியாத இந்த இருவரைக் குறிக்கும் சொற்கள் ஓசையாலும் அயலாகவே நிற்கின்றன. அவர்களை இணைக்கும் வேலை அடுத்து வரும் உவமைக்கு விடப்படுகிறது என்று நான் வாசிக்கிறேன். புலவர் இதை எண்ணியே செய்தார் என்று உறுதி கூற எவராலும் இயலாது. அதனால் இத்தகைய இடங்களில் ‘என்று கொள்ள இடமுண்டு’ என எழுதுவதே நேர்மையானது. தொடை இருப்பதைக் காட்டுவது போலவே, எதிர்பார்த்த இடத்தில் அது இல்லாமல் போவதைக் காட்டுவதும் நயமே.

அணி நயத்தில் பெயரோடு நின்றுவிடும் பழக்கம் மிகுதி. முதலில் உறுப்புகளைப் பிரியுங்கள்: உவமை செம்புலப் பெயல்நீர், உவமேயம் அன்புடை நெஞ்சம், உவம உருபு போல, பொதுத்தன்மை கலத்தல். பிறகு, எந்த அடிப்படையில் ஒப்புமை நிற்கிறது என்று கேளுங்கள். வினை, பயன், மெய் (வடிவு), உரு (நிறம்) என்று உவமை தோன்றும் வகைகளைத் தொல்காப்பியம் நான்காகச் சொல்கிறது. இங்கே கலத்தல் என்னும் வினை வெளிப்படையாக இருக்கிறது. செந்நிறம் ஏறிய நீர் என்பதால் உருவும் உடன் வருகிறது. இனி மூன்றாம் கேள்வி: உவமையை மாற்றிவிட்டால் எது இழக்கப்படும்? ‘பாலும் நீரும் போல’ என்று வைத்துப் பாருங்கள். கலப்பு இருக்கும், ஆனால், வானத்தில் தோன்றி, வேறிடத்தில் கிடந்த மண்ணை வந்து சேர்ந்தது என்னும் தொலைவு போய்விடும். முதல் மூன்று அடிகள் முழுவதும் அந்தத் தொலைவைப் பற்றியே பேசுகின்றன. விழுந்த மழைக்கு இனி மண்ணின் நிறமே நிறம். இந்த மாற்றிப் பார்க்கும் சோதனையை எந்த உவமைக்கும் செய்யலாம்; வேறு எந்த முறையையும் விட இது விரைவாகப் பலன் தரும்.

உவமையையும் உருவகத்தையும் மயங்குபவர்கள் சொல்வரிசையைக் கவனித்தால் போதும்: மதிமுகம் என்பது உவமை, முகமதி என்பது உருவகம்.

சுவை பற்றி எழுதும்போது சொற்களிலிருந்தே சான்று காட்டுங்கள். தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகள் (வெளிப்படும் உணர்வுகள்) நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. தலைவியின் அச்சம் துறைக்குறிப்பில் இருக்கிறது. பாடலின் அடிகளில் கேட்பது தலைவனின் வியப்பாகிய மருட்கையும் உவகையும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘அச்சச் சுவை’ என்று எழுதினால் பாடலில் சான்று தேடித் திண்டாட வேண்டியிருக்கும்.

புதுக்கவிதைக்கு எழுதுபவர் தொடையைத் தேடிக் களைப்படைய வேண்டாம். அங்கே வரி எந்தச் சொல்லில் முறிகிறது, எந்தச் சொல் மீண்டும் வருகிறது, எந்தப் படிமம் கவிதை முழுவதையும் தாங்குகிறது என்பவற்றைப் பாருங்கள். மற்றப் படிகள் அனைத்தும் அப்படியே பொருந்தும்.

8. கிடைத்தவற்றில் பாதியை விட்டுவிடுங்கள்

இதற்குள் உங்கள் தாளில் பத்துப் பன்னிரண்டு குறிப்புகள் சேர்ந்திருக்கும். ஆறாம் படியில் எழுதிய வாக்கியத்தோடு ஒவ்வொன்றையும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாதவை எவ்வளவு அழகாயினும் இந்தக் கட்டுரைக்கு உரியவை அல்ல. கண்ட அனைத்தையும் எழுதிவிட வேண்டும் என்னும் ஆசைதான் கட்டுரையைப் பட்டியலாக்குகிறது. மூன்று அல்லது நான்கு குறிப்புகள் போதும். சொல் நயம், ஓசை நயம் என்னும் தலைப்பு வரிசையைப் பின்பற்றுமாறு உங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லையெனில் பாடல் நகரும் வரிசையிலேயே எழுதுவது படிப்பவருக்கு எளிது.

9. பத்தியை எழுதுங்கள்

ஒவ்வொரு பத்தியிலும் மூன்று உறுப்புகள் இருக்க வேண்டும்: நீங்கள் சொல்வது, அதற்குப் பாடலிலிருந்து மேற்கோள், அந்த மேற்கோள் நீங்கள் சொன்னதை எவ்வாறு நிறுவுகிறது என்னும் விளக்கம். மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். மேற்கோள் தானே பேசும் என்று அவர்கள் நம்புகின்றனர், அது பேசுவதில்லை.

முதல் வரைவில் வழக்கமாகக் காண்பது இது:

‘இப்பாடலில் உவமையணி மிகச் சிறப்பாக அமைந்துள்ளது. “செம்புலப் பெயல்நீர் போல” என்று புலவர் அழகாகப் பாடியுள்ளார். இவ்வுவமை படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது.’

மூன்று வாக்கியங்களிலும் சிறப்பு, அழகு, கொள்ளை கொள்ளுதல் ஆகியவையே நிறைந்துள்ளன. எந்தப் பாடலின் எந்த உவமைக்கும் இதை ஒட்டிவிடலாம். இதே கருத்தைப் பின்வருமாறு எழுதலாம்:

‘மூன்று அடிகளில் அடுக்கிய வினாக்களுக்குத் தலைவன் நேரான விடை தருவதில்லை; உவமை ஒன்றைத் தருகிறான். “செம்புலப் பெயல்நீர்” என்பதில் மழைக்கும் மண்ணுக்கும் முன்தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் மண்ணைத் தொட்ட நீர் அதன் நிறத்தை ஏற்றுவிட்டது. இனி அதைப் பழைய மழைநீராகப் பிரித்தெடுக்க இயலாது. “கலந்தன” என்னும் இறந்தகால வினை அந்தக் கலப்பு முடிந்துபோன செயல் என்பதை உறுதி செய்கிறது. பிரிவை அஞ்சி நிற்பவளுக்கு, பிரிவதற்கான காலம் கடந்துவிட்டது என்பதே அவன் தரும் ஆறுதல்.’

மேற்கோள் காட்டும்போது தேவையான சொற்களை மட்டும் எடுங்கள். முழுப்பாடலையும் ஒவ்வொரு பத்தியிலும் திரும்ப எழுதினால் படிப்பவர் எந்தச் சொல்லைக் கவனிக்க வேண்டும் என்று அறியமாட்டார்.

10. முன்னுரையையும் தலைப்பையும் இறுதியில் எழுதுங்கள்

உடற்பகுதி முடியும் முன் எழுதப்படும் முன்னுரை, தமிழின் தொன்மையையும் சங்க இலக்கியத்தின் பெருமையையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடும். என்ன எழுதப் போகிறோம் என்பது தெரியாததால்தான் அவ்வாறு நேர்கிறது. உடற்பகுதி கையில் இருக்கும்போது முன்னுரைக்கு நான்கு வாக்கியங்கள் போதும்: பாடல் எது, பேசுபவர் யார், எந்தச் சூழல், உங்கள் மையக்கருத்து என்ன. தலைப்பைப் பாடலின் சொற்களிலிருந்தே எடுக்கலாம்; ‘தாம் கலந்தனவே’ என்பது ‘காதலின் மேன்மை’ என்பதை விடக் கூடுதலாகச் சொல்கிறது.

11. ஒரு நாள் கழித்துத் திருத்துங்கள்

எழுதிய அன்றே திருத்தினால், எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும், எழுதியதைப் படிக்காது. ஓர் இரவு கழித்து வாய்விட்டுப் படித்து, கீழ்க்கண்டவற்றை மட்டும் சரிபாருங்கள்.

அருமை, அற்புதம், சிறப்பு, அழகு ஆகிய சொற்கள் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கோடிட்டு, அந்தச் சொல்லை நீக்கிப் பாருங்கள். வாக்கியத்தில் வேறு எதுவும் மிஞ்சாவிட்டால் வாக்கியத்தையே நீக்குங்கள்.

அணி, தொடை, மெய்ப்பாடு ஆகியவற்றின் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் ‘அதனால் பாடலுக்கு என்ன நேர்ந்தது?’ என்னும் கேள்விக்கு அடுத்த வாக்கியத்திலேயே விடை இருக்கிறதா என்று பாருங்கள்.

மேற்கோள்களை மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ‘யாயும்’ என்பது ‘தாயும்’ என்றோ, ‘நுந்தையும்’ என்பது ‘உந்தையும்’ என்றோ கை தன்போக்கில் எழுதிவிடும். அவ்வாறு மாறினால் நீங்கள் ஓசை பற்றியும் சொல் பற்றியும் எழுதிய விளக்கம் முழுவதும் நிலைகுலையும். கட்டுரையை ஒப்படைக்கும் முன் கடைசியாகச் செய்ய வேண்டிய பணி இந்த ஒப்பீடு.